‘துறவிக்கொல்லி’ என்ற பட்டப்பெயரும் 1834 ஆணையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஐரோப்பாவில் அரசும் திருச்சபையும் மோதிக்கொண்ட காலம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் அதிகம் பேசப்படாத போர்ச்சுகலுக்கு அதில் அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் ஜோவாகிம் அந்தோனியோ டி அகியார் என்ற அமைச்சரைப் பற்றிய பத்தி திருத்தப்பட வேண்டியது. ‘நூற்றுக்கணக்கான துறவிகளைக் கொன்று குவித்ததால் துறவிக்கொல்லி எனப்பட்டார்’ என்று அதில் இருக்கிறது. அது நடக்கவில்லை. மாணவர்கள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் பக்கம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பெயர். போர்த்துகீசிய மொழியில் ‘மாட்டா-ஃப்ராடெஸ்’. ‘மாட்டா’ என்றால் கொல்லும். ‘ஃப்ராடெஸ்’ என்றால் துறவிகள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் கட்டுரையாளர் எழுதியது சரிதான். ஆனால் அந்த மொழியில் இது அன்றாடச் சொல்லாக்கம். எலி மருந்துக்கு ‘மாட்டா-ராட்டோஸ்’ என்று பெயர்; நம் எலிக்கொல்லி மாதிரியே. மையொற்றும் தாளுக்கு ‘மாட்டா-பொர்ராவோ’, அதாவது மைக்கறையைக் கொல்வது. எதை இல்லாமல் ஆக்குகிறதோ அதன் முன்னால் ‘மாட்டா’ போட்டுவிடுவார்கள். ஆண் துறவற மடங்களை ஒழித்த 1834 ஆணையால் அகியார் இல்லாமல் ஆக்கியது துறவி என்ற சட்டநிலையை. எதிரிகள் வசையாகச் சூட்டிய பெயரைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது அது கொலைக் குற்றச்சாட்டாக மாறிவிட்டது.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. துறவிகள் உண்மையிலேயே கொல்லப்பட்ட சம்பவம் அதே ஆண்டில், அடுத்த நாட்டில் நடந்தது. 1834 ஜூலை 17 அன்று மாட்ரிட் நகரில் காலரா பரவியபோது, தண்ணீரில் துறவிகள் விஷம் கலந்துவிட்டார்கள் என்ற வதந்தியை நம்பிய கும்பல் மடங்களுக்குள் புகுந்து பல பத்துப் பேரைக் கொன்றது. அது ஸ்பெயின். போர்ச்சுகலிலும் உள்நாட்டுப் போரின்போது இரு தரப்பிலும் பழிவாங்கல் இருந்தது. அதில் மதகுருமாரும் பலியானார்கள். ஆனால் அகியாரின் ஆணை யாருக்கும் மரண தண்டனையோ சிறையோ விதிக்கவில்லை.

இனி அந்த ஆணைக்கு வருவோம். அது எப்போது பிறந்தது என்பதிலிருந்தே அதன் நோக்கம் தெரியும். 1828இல் மிகேல் இளவரசர் அரியணையைக் கைப்பற்றி, அண்ணன் பெட்ரோ 1826இல் தந்த அரசியல் சாசனத்தை ஒதுக்கிவைத்தார். சாசனத்தை ஆதரித்தவர்கள் சிறைக்கோ வெளிநாட்டுக்கோ போனார்கள். கோயிம்ப்ராவில் பிறந்து அங்கேயே சட்டம் படித்த அகியாரும் நாட்டைவிட்டு வெளியேறியவர்களில் ஒருவர். பிரேசில் பேரரசர் பட்டத்தை 1831இல் துறந்த பெட்ரோ, தன் மகள் மரியாவின் உரிமைக்காக அசோர்ஸ் தீவுகளில் படை திரட்டி 1832 ஜூலை 8 அன்று மின்டேலோ அருகே கரையிறங்கினார். மறுநாள் போர்ட்டோ நகரம் அவர் கையில். பிறகு ஓராண்டுக்கு மேல் அந்த நகரத்தையே மிகேல் படை முற்றுகையிட்டது. 1834 மே 16இல் அசெய்செய்ராவில் மிகேல் தோற்றார். மே 26இல் எவோரா-மான்ட்டியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அகியாரின் ஆணை மே 28 தேதியிட்டது. வெளியான நாளை வைத்து மே 30 ஆணை என்று பல நூல்கள் குறிக்கின்றன. இரண்டு தேதிகளும் ஒரே ஆவணத்துக்கு உரியவை. தங்கள் கட்டுரையில் உள்ளதுபோல் அவை இரண்டு சட்டங்கள் அல்ல.

போர் முடிந்த இரண்டாவது நாள் இப்படி ஓர் ஆணை வருகிறது என்றால், போர்க்களத்துக்கும் மடத்துக்கும் இருந்த தொடர்பைப் பார்க்க வேண்டும். பல மடங்கள் வெளிப்படையாக மிகேல் பக்கம் நின்றன. பிரசங்க மேடையிலிருந்து சாசனத்தைச் சபித்தன. 1832 ஜூலையில் போர்ட்டோவின் பிரான்சிஸ்கன் மடத்தில் பெட்ரோவின் படைவீரர்கள் தங்கியிருந்தபோது இரவில் தீப்பிடித்தது. பழி துறவிகள் மேல் விழுந்தது. பின்னாளில் அந்த இடிபாட்டு நிலத்தை பெட்ரோவின் மகள் மரியா, அரசியாக, நகர வணிகர்களுக்குக் கொடுத்தார். இன்று போர்ட்டோவின் வணிகச் சங்க மாளிகை நிற்பது அங்கேதான்.

ஆனால் கோபம் மட்டுமே காரணம் என்றால் அது பாதிக் கதை. துறவற சபைகளை ஆராய 1789இலேயே, மரியா முதலாம் அரசி காலத்தில், அரசு ஒரு குழுவை அமைத்திருந்தது. 1832இல் பெட்ரோவின் நிதி அமைச்சர் மோசினோ ட சில்வெய்ரா, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தரும் தசமபாகத்தை ஒழித்தார். 1833 ஆகஸ்ட் 5 ஆணை மடங்களில் புதிதாக ஆள் சேர்ப்பதைத் தடுத்தது. சில நாட்களில் வந்த மற்றோர் ஆணை, 12 துறவிகளுக்குக் குறைவான இல்லங்களை மூடச் சொன்னது. வருமானம் போய், வாரிசு போய், சிறு இல்லங்களும் போன பிறகுதான் 1834 ஆணை வந்தது. அகியார் கடைசி ஆணியை அடித்தவர். பெட்டியைச் செய்தவர்கள் வேறு பலர்.

ஆணை மிகச் சிறியது, ஐந்தே பிரிவுகள். அதற்கு முன்னால் அகியார் பெட்ரோவுக்கு எழுதிய விளக்க அறிக்கை ஆணையைவிட நீளமானது. துறவற சபைகள் மதத்துக்கு இன்றியமையாதவை, அரசுக்குப் பயனுள்ளவை என்று பல நூற்றாண்டு நிலவிய தவறான எண்ணம் இப்போது மறைந்துவிட்டது என்று அது தொடங்குகிறது. கவனியுங்கள்: கத்தோலிக்க மதத்தை அவர் எதிர்க்கவில்லை. சாசனப்படி அதுவே அரச மதம், அப்படியே தொடர்ந்தது. அவருடைய துறையின் பெயரே திருச்சபை விவகாரம் மற்றும் நீதி அமைச்சகம். பங்குக் குருக்களும் ஆயர்களும் அந்த அரசின் கீழ் இயங்கினார்கள். ‘மத எதிர்ப்பாளர்’ என்று கட்டுரை சொல்வது பொருந்தாது. துறவற சபைகளின் சொத்தையும் செல்வாக்கையும் எதிர்த்தவர் என்பதே சரி.

முதல் பிரிவு போர்ச்சுகல், அல்கார்வே, தீவுகள், போர்த்துகீசிய ஆட்சிப் பகுதிகள் அனைத்திலும் உள்ள ஆண் துறவற மடங்கள், கல்லூரிகள், விடுதிகள் எல்லாவற்றையும் ஒழிக்கிறது. எந்தச் சபை, எந்த விதி என்ற வேறுபாடு கிடையாது. இரண்டாவது, அவற்றின் சொத்துகளைத் தேசியக் கருவூலத்தில் சேர்க்கிறது. மூன்றாவது பிரிவைத் தங்கள் கட்டுரை விட்டுவிட்டது: வழிபாட்டுக்கு உதவிய திருப்பாத்திரங்களும் திருவுடைகளும் அந்தந்த ஆயரிடம் ஒப்படைக்கப்பட்டு, மறைமாவட்டத்தில் மிக வறிய கோயில்களுக்குப் பகிரப்பட வேண்டும். ஐந்தாவது, முரணான பழைய சட்டங்களை நீக்கும் வழக்கமான வரி.

நான்காவது பிரிவில்தான் சிக்கல். மடத்தை இழக்கும் ஒவ்வொரு துறவிக்கும், அதற்கு இணையான வேறு வருமானம் கிடைக்கும் வரை, கருவூலத்திலிருந்து ஆண்டு உதவித்தொகை உண்டு. விலக்குப் பட்டியல் ஒன்றும் கூடவே வருகிறது. அரியணைக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர், பாவசங்கீர்த்தனத் தொட்டியையோ (பாவ அறிக்கை கேட்கும் கூண்டு) பிரசங்க மேடையையோ மிகேலுக்காகப் பயன்படுத்தியவர், மிகேல் அரசிடம் பதவி பெற்றவர், சக குடிமக்களைக் காட்டிக்கொடுத்தவர், மிகேல் படையோடு சென்றவர் ஆகியோருக்குத் தொகை இல்லை. இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. பட்டியலின் கடைசி வரிதான் அதிகம் பேரைத் தெருவில் விட்டிருக்கக்கூடியது: பெட்ரோவின் ஆட்சி தங்கள் ஊருக்கு வந்தபோதோ அதற்குப் பிறகோ மடத்தை விட்டுப் போனவருக்கும் தொகை இல்லை. படை வருகிறது என்று பயந்து ஓடிய முதியவரும், துப்பாக்கி தூக்கியவரும் இந்த வரியில் ஒரே கணக்கு. 1833இல் துறவிகள் காலிசெய்துவிட்டுப் போன அல்கோபாசா மடத்தை நினைத்துப் பாருங்கள். அதன்பின் உள்ளே புகுந்து சூறையாடியது கூட்டம். அங்கிருந்து போனவர்களில் யார் கலகக்காரர், யார் உயிருக்கு அஞ்சியவர் என்று அந்த வரி கேட்கவில்லை.

தகுதி பெற்றவர்களுக்கும் பணம் ஒழுங்காக வரவில்லை. போருக்காக லண்டனில் வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. படைவீரர், அலுவலர் சம்பளமே நிலுவையில் கிடந்தது. அந்த வரிசையில் முன்னாள் துறவிக்கு எந்த இடம் கிடைத்திருக்கும்? அவர்களுக்கு ‘எக்ரெஸோஸ்’ என்று ஒரு பெயரே வந்துவிட்டது, அதாவது வெளியேறியவர்கள். பங்கு வேலை கிடைத்தவர் தப்பினார், உறவினர் வீட்டில் ஒண்டியவர் பிழைத்தார், மற்றவர்களில் பலர் பிச்சை எடுத்தார்கள். இதைச் சொன்னவர்கள் மிகேல் ஆதரவாளர்கள் மட்டுமல்ல. பெட்ரோவின் படையில் நின்று போரிட்ட வரலாற்றறிஞர் அலெஷாந்த்ரே எர்குலானோ இவர்களுக்காக உருக்கமான வேண்டுகோள் எழுதினார். வென்ற தரப்பின் மனசாட்சி அது. எங்கள் கணிப்பில் அகியார் மீது வைக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டும் இங்கேதான்: கருவூலம் காலி என்று தெரிந்தும், பணத்துக்குத் தனி வழி காட்டாமல் உதவித்தொகையை வாக்களித்தது.

சொத்து என்ன ஆயிற்று? நடைமுறை இப்படி: அரசு அலுவலர் மடத்துக்கு வந்து சாவியை வாங்குவார். நிலம், கட்டடம், வெள்ளி, புத்தகம், பீப்பாய் உட்பட எல்லாவற்றுக்கும் இருப்புப் பட்டியல் எழுதப்படும். வழிபாட்டில் பயன்படாத வெள்ளி நாணயச் சாலைக்குப் போகும். புத்தகங்களுக்கு லிஸ்பனில் பழைய பிரான்சிஸ்கன் மடத்திலேயே பொதுக் கிடங்கு வைத்தார்கள். அரசுக்குத் தேவைப்படும் கட்டடம் தனியாகப் பிரிக்கப்படும். மிச்சம் ஏலப் பட்டியலுக்குப் போகும். 1835 ஏப்ரல் 15 சட்டம் ஏலத்துக்கு விதி வகுத்தது. அதில்தான் பெரிய ஓட்டை. வாங்குபவர் ரொக்கம் தர வேண்டியதில்லை. அரசுக் கடன் பத்திரங்களையும் கொடுக்கலாம். சந்தையில் அந்தப் பத்திரங்கள் முகமதிப்புக்குக் கீழே விலைபோயின. மலிவாகப் பத்திரம் வாங்கி வைத்திருந்த பணக்காரர், முழு மதிப்புக்கு அதைக் கொடுத்து நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். குத்தகைக்கு உழுதவரிடம் பத்திரம் ஏது? கடன் குறைந்தது உண்மை. ஆனால் சிறு விவசாயிக்கு நிலம் சேரும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்த்தது. புதிய பட்டம் பெற்ற பிரபுக்கள் பழைய மடாதிபதிகளின் இடத்தில் உட்கார்ந்தார்கள் என்று தாராளவாத எழுத்தாளர்களே கசந்து எழுதியது இதனால்தான்.

மடத்து வாசலில் ஏழைகளுக்கு வார்த்த கஞ்சியும், சிறுவர்களுக்குச் சொல்லித்தந்த எழுத்தும், ஊருக்கு இருந்த மருந்தகமும் மடத்தோடு சேர்ந்து மூடின. ஈடுசெய்ய அரசுப் பள்ளியும் மருத்துவமனையும் வர ஆண்டுகள் பிடித்தன. கட்டடங்களின் கதி பலவிதம். லிஸ்பனில் பெனடிக்ட் சபையின் சாவோ பென்டோ மடம் 1834இலேயே நாடாளுமன்றமாயிற்று, இன்றும் அதுவே. சின்ட்ரா மலை உச்சியில் பாழடைந்த ஜெரோம் சபை மடத்தை அரசியின் கணவர் ஃபெர்னாண்டோ 1838இல் வாங்கினார். சுற்றுலாப் பயணிகள் குவியும் பேனா அரண்மனை அதன்மேல் எழுந்தது. கோயிம்ப்ராவின் சான்டா குரூஸ் மடத்துச் சுவடிகளை எர்குலானோ போர்ட்டோ நகர நூலகத்துக்குக் கொண்டுசேர்த்தார். அப்படி யாரும் கைகொடுக்காத நூலகங்களில் ஈரமும் எலியும் வேலையைக் காட்டின.

கன்னியர் மடங்களையும் அகியார் ஒரே நாளில் மூடினார் என்பது கட்டுரையின் இன்னொரு பிழை. அவை மூடப்படவில்லை. புதியவர்களைச் சேர்க்கத் தடை இருந்ததால், கடைசிக் கன்னியர் இறக்கும் வரை மடம் இருக்கும், அதன்பின் அரசுக்கு. போர்ட்டோவின் சாவோ பென்டோ த ஆவே-மரியா மடத்தில் கடைசிக் கன்னியர் 1892இல் இறந்தார். ஆணை வந்து 58 ஆண்டுகளுக்குப் பிறகு. அதன்பின் மடத்தை இடித்து அந்த இடத்தில் ரயில் நிலையம் கட்டினார்கள். நீல ஓடுகள் பதித்த அந்த நிலையத்துக்கு இன்றும் சாவோ பென்டோ என்றே பெயர். ஓர் ஆணை எவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு கிடைக்காது.

‘போர்த்துகீசிய ஆட்சிப் பகுதிகள்’ என்ற சொற்றொடரால் ஆணை கோவாவுக்கும் வந்தது. 1835இல் அங்கே ஆண் மடங்கள் காலியாயின. பழைய கோவாவில் ஒற்றைச் சுவராக நிற்கும் புனித அகுஸ்தீன் கோபுரம் அப்போது கைவிடப்பட்டது. 1842இல் கோயிலின் வளைகூரை இடிந்தது. 1931இல் முகப்பின் பெரும்பகுதி விழுந்தது. அருகிலுள்ள புனித மோனிக்கா கன்னியர் மடமோ, போர்ட்டோவைப் போலவே, கடைசிக் கன்னியர் 1885இல் இறக்கும்வரை இருந்தது. ரோமோடு உறவு முறிந்திருந்த அந்த ஆண்டுகளில், 1838இல், போப் 16ஆம் கிரகோரி, மயிலாப்பூர், கொச்சி, கொடுங்கல்லூர் மறைமாவட்டங்களில் போர்ச்சுகலுக்கு இருந்த திருச்சபை நிர்வாக அதிகாரத்தை நீக்கி, ரோம் நியமித்தவர்களிடம் ஒப்படைத்தார். போர்ச்சுகலும் ரோமும் மீண்டும் பேசத் தொடங்கியது 1841இல்.

இயேசு சபையினரை நாடு கடத்தியவர் அகியார் என்று எழுதியிருப்பது, 18ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் முதன்மை அமைச்சராக இருந்த பொம்பல் பிரபுவோடு வந்த குழப்பம். பொம்பலின் வெளியேற்றச் சட்டம் 1759 செப்டம்பர் 3 தேதியிட்டது. அகியார் பிறக்க இன்னும் 33 ஆண்டுகள் இருந்தன. மிகேல் 1829இல் திரும்ப அழைத்த சிறு குழு 1834இல் மறுபடி வெளியேறியது என்பது மட்டுமே இவர் காலத்துக்குரியது. அரசையும் திருச்சபையையும் பிரித்த 1911 சட்டம் குடியரசின் நீதி அமைச்சர் அஃபோன்சோ கோஸ்டாவுடையது. இந்த மூவரையும் ஒருவராக்கும் தவறுக்கு ஒரு காரணம் உண்டு: குடியரசு வந்ததும் 1910 அக்டோபர் 8 அன்று வெளியான ஆணை, பொம்பலின் சட்டத்தையும் அகியாரின் ஆணையையும் பெயர் சொல்லி மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நடுவில் சபைகள் ஓசையில்லாமல் திரும்பி வந்திருந்தன என்பதையும் அது காட்டுகிறது.

ஆணைக்குப் பிந்தைய 50 ஆண்டுகளைக் கட்டுரை ஒரே வரியில் கடக்கிறது. மூன்று முறை அவர் பிரதமர். முதல் ஆட்சி (1841–42) கவிழ்ந்த விதம் வேதனையானது: அவருடைய அமைச்சரவையில் நீதித்துறை வகித்த கோஸ்டா கப்ராலே போர்ட்டோவுக்குப் போய்க் கிளர்ச்சி செய்து அதிகாரத்தைப் பிடித்தார். 1860இல் இரண்டே மாதம். மூன்றாவது, 1865 செப்டம்பர் முதல் 1868 ஜனவரி வரை, ஒன்றுக்கொன்று எதிரான கட்சிகள் கைகோத்து அமைத்த கூட்டணி ஆட்சி. 1867 ஜூலை 1 அன்று அந்த ஆட்சியில்தான் சாதாரணக் குற்றங்களுக்கான மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. அரசியல் குற்றங்களுக்கு 1852இலேயே நீங்கியிருந்தது. படைத்துறைச் சட்டத்தில் மட்டும் எஞ்சியது. அதே நாளில் போர்ச்சுகலின் முதல் சிவில் சட்டத் தொகுப்பும் ஒப்புதல் பெற்றது; கத்தோலிக்கர் அல்லாதோர் சட்டப்படி திருமணம் செய்ய வழி அதில்தான் பிறந்தது. ‘கொலைகாரர்’ என்று தாங்கள் அச்சிட்டவர் தலைமையில் தூக்குமரம் இறக்கப்பட்டது என்பதை வாசகர்களிடம் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அந்த ஆட்சியைக் கவிழ்த்தது திருச்சபை அல்ல, நுகர்வு வரி. 1868 ஜனவரி 1 அன்று போர்ட்டோவில் கடைக்காரர்கள் தொடங்கிய எதிர்ப்புக்கு ‘ஜனேரின்யா’ என்று பெயர். நான்காம் தேதிக்குள் அமைச்சரவை விலகியது. அகியார் 1884 மே 26 அன்று, 91 வயதில் இறந்தார். எவோரா-மான்ட்டி ஒப்பந்தத்தின் சரியான 50ஆம் ஆண்டு நாள்.

கடைசியாக, படம். பொம்பல் பிரபு என்று குறிப்பிட்டு வெளியிட்டது, கோயிம்ப்ராவில் மொன்டேகோ ஆற்றுப் பாலத்தை ஒட்டிய போர்ட்டாஜெம் சதுக்கத்தில் 1911இல் நிறுவப்பட்ட அகியாரின் சிலை. பொம்பலின் பெரிய நினைவுத்தூண் லிஸ்பனில் இருக்கிறது. திருத்தம் வெளியிடும்போது படத்தின் அடிக்குறிப்பையும் சேர்த்து மாற்ற வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஐரோப்பிய வரலாறு வாசிக்கும் நண்பர்கள்